காடி நகர்வதற்கு முன் 5 நிமிடம்: டயர் காற்றை வீட்டிலேயே சரியாகப் பார்ப்பது எப்படி?

வெள்ளிக்கிழமை இரவு. வேலை முடிந்து கோலாலம்பூரிலிருந்து கிளம்பி, தாப்பாவில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, நேராக ஈப்போ. ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஊருக்குள் நுழைந்ததும் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்துகிறீர்கள். எண்ணெய் போட்டாச்சு, அப்படியே காத்தும் பார்த்துடலாம் என்று ஓரத்தில் இருக்கும் இயந்திரத்தின் குழாயை மாட்டினால், திரையில் 250 என்று வருகிறது. உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட அளவு 220. "இவ்வளவு காத்து யாரு அடிச்சது?" என்று இயந்திரத்தை 220-இல் வைக்கிறீர்கள். புஸ் என்று காற்று இறங்குகிறது. நான்கு டயரிலும் 220. நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறீர்கள்.

மறுநாள் காலை, அதே டயர்களில் இருப்பது கிட்டத்தட்ட 190 தான்.

யாரும் காற்றைத் திருடவில்லை. டயர் ஆறிவிட்டது, அவ்வளவுதான். இரவில் நீங்கள் பார்த்த 250 என்பது, இரண்டு மணி நேரம் ஓடிச் சூடான டயரின் அழுத்தம். அது சரியான அளவில்தான் இருந்தது. நீங்கள் இறக்கிவிட்டது தேவையான காற்றை. ஞாயிறு மாலை ஐந்து பேர், துணிப் பைகள், அம்மா கட்டிக் கொடுத்த குழம்பு, புந்தோங்கில் வாங்கிய நாலு பை கச்சாங் பூத்தே என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் 110-இல் திரும்பப் போகிறீர்கள்.

நானும் பல வருஷம் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். காரை ஓட்டிப் போய்க் காற்றைப் பார்ப்பதைவிட, ஓட்டுவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்ப்பதுதான் சரி என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பா. அவருடைய காரின் முன் பெட்டியில் பேனா மாதிரி ஒரு அளவுகோல் எப்போதும் கிடக்கும். "ஓடின டயர்ல பாக்காதம்மா, அது பொய் சொல்லும்" என்பார்.

எந்த எண்ணை நம்புவது?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணைப் பாருங்கள். அங்கே ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில கார்களில் அது எண்ணெய் மூடியின் உள்பக்கம் இருக்கும். கார் தயாரிப்பாளர் அந்தக் காருக்கு, அந்த டயர் அளவுக்குக் கணக்கிட்டுச் சொன்ன அழுத்தம் அதுதான். முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று என்று வேறு வேறாகவும் இருக்கலாம். பல கார்களில் இரண்டு வரிசை இருக்கும்: ஓரிருவர் போகும்போது ஒன்று, ஆட்களும் சாமான்களும் நிறைந்திருக்கும்போது இன்னொன்று. தீபாவளிப் பயணத்துக்குப் பார்க்க வேண்டியது இரண்டாவது வரிசையை. அதைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை.

டயரின் பக்கவாட்டிலும் ஓர் எண் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து அடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் காருக்கு வேண்டிய அளவு அல்ல. ஒரே டயர் நாலைந்து வகைக் கார்களுக்குப் பொருந்தும். டயர் செய்தவருக்கு உங்கள் கார் எவ்வளவு எடை என்று தெரியாது.

இன்னொரு எண், கடையில் சொல்லும் எண். டயர் மாற்றும் இடத்தில் வருகிற எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவு அடித்து அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. டயர் மாற்றியதும் மறுநாள் காலை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

நம் நாட்டுப் பெட்ரோல் நிலைய இயந்திரங்கள் பெரும்பாலும் கிலோபாஸ்கலில் காட்டும். கையில் வைத்திருக்கும் அளவுகோல்களில் பி.எஸ்.ஐ. இருக்கும். சில ஐரோப்பியக் கார்களில் பார் என்று எழுதியிருக்கும். குழம்ப வேண்டாம். 1 பார் என்றால் 100 கிலோபாஸ்கல்; அது 14.5 பி.எஸ்.ஐ. அதாவது 30 பி.எஸ்.ஐ. சுமார் 207 கிலோபாஸ்கல், 32 என்றால் 220, 35 என்றால் 240. சிறிய, நடுத்தரக் கார்களுக்கான அளவுகள் பெரும்பாலும் 200-க்கும் 250-க்கும் இடையில்தான் இருக்கும். இந்தக் கட்டுரையில் 220 என்று நான் எழுதுவது ஓர் உதாரணம் மட்டுமே. உங்கள் எண் உங்கள் கதவில் இருக்கிறது.

ஏன் காலையில்?

மூடிய இடத்தில் இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறும், ஆறினால் இறங்கும். பள்ளியில் படித்த அதே விதிதான். கார் டயரில், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் மாறும் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஈப்போவில் விடியற்காலை 24 டிகிரி, பிற்பகல் 34 டிகிரி என்பது சாதாரணம். கார் ஓர் அங்குலம்கூட நகராவிட்டாலும் காலை 220 மத்தியானம் 230 ஆகிவிடும். வெயில் ஒரு பக்கமாக அடித்தால், அந்தப் பக்க டயர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஓட ஆரம்பித்துவிட்டால், டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிந்து தானே சூடேறும். நெடுஞ்சாலையில் 30 கிலோபாஸ்கல் வரை ஏறுவது இயல்பு. இந்த ஏற்றத்தையெல்லாம் தயாரிப்பாளர் முன்பே கணக்கில் எடுத்திருக்கிறார். அதனால்தான் ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. குளிர்ந்த டயர் என்றால் ஐஸ் மாதிரி இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. குறைந்தது 3 மணி நேரம் ஓடாமல், வெயில் படாமல் நின்ற டயர். நமக்கு அது விடியற்காலையில், வீட்டு வாசலில்தான் கிடைக்கும்.

செய்முறை ரொம்பச் சின்னது

தேவை ஒரு அளவுகோல். பேனா மாதிரி இருப்பதோ, வட்ட முகம் உள்ளதோ, எண் திரை உள்ளதோ, எதுவானாலும் சரி. வாகன உதிரிப்பாகக் கடையிலும் இணையத்திலும் கிடைக்கும், மலிவானதே போதும். முக்கியம், எப்போதும் அதே ஒன்றைப் பயன்படுத்துவது. நிலையத்து இயந்திரத்தின் குழாய் நாள் முழுக்கக் கீழே விழுந்து, மிதிபட்டு, மழையில் நனைந்து கிடக்கிறது. அது காட்டும் எண்ணை உங்கள் அளவுகோலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

வால்வு மூடியைத் திருகி எடுங்கள். மூடியைச் சட்டைப் பையில் போடுங்கள். தரையில் வைத்தால் காணாமல் போகும், சொல்லி வைக்கிறேன். அளவுகோலை வால்வின் மேல் நேராக, ஒரே அழுத்தில் அமுக்குங்கள். தொடக்கத்தில் ஒரு சின்ன "ஸ்" சத்தம் வரும், உடனே நின்றுவிட வேண்டும். தொடர்ந்து சத்தம் வந்தால் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள், எண் குறைவாகக் காட்டும். மறுபடியும் பாருங்கள். எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு டயருக்கும் 5 நிமிடம் ஆகாது.

கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இப்போதைய ரேடியல் டயர்களின் பக்கவாட்டு எப்போதுமே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 220 இருக்கும் டயரையும் 180 இருக்கும் டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம். உதைத்துப் பார்ப்பது லாரிக்காரர் பாணி. காருக்கு அதில் பயன் இல்லை.

இப்போது காற்று குறைவாக இருக்கிறது. வீட்டில் பம்பு இருந்தால் அங்கேயே அடித்துவிடலாம். காரின் 12 வோல்ட் துளையில் செருகும் சிறிய பம்பும் மின்கலத்தில் ஓடும் கைப் பம்பும் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. அளவை முன்கூட்டியே வைத்துவிட்டால் தானே நின்றுவிடும். காரின் வால்வும் மோட்டார் சைக்கிளின் வால்வும் ஒன்றுதான் என்பதால், வீட்டில் மோட்டாருக்கு வைத்திருக்கும் கால் பம்பும் உதவும். கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான்.

பம்பு இல்லையா? இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். நிலையத்துக்கு ஓட்டிப் போனால் டயர் சூடாகிவிடுமே, அப்புறம் குளிர்ந்த அளவை எப்படிப் பிடிப்பது?

வழி இருக்கிறது. வீட்டில் பார்த்தபோது 190 என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது 220. குறைவு 30. இந்த 30-ஐ மட்டும் நினைவில் வையுங்கள். நிலையத்துக்குப் போய் அதே டயரை மறுபடியும் அளந்து பாருங்கள். சூட்டில் 200 காட்டுகிறது என்றால், இயந்திரத்தை 220-இல் வைக்காதீர்கள். 200-உடன் 30-ஐக் கூட்டி 230-இல் வையுங்கள். நாளைக் காலை பார்த்தால் 220-ஐ ஒட்டி இருக்கும். எண் எவ்வளவு ஏறியிருந்தாலும் சரி, குறைவு எவ்வளவோ அதைக் கூட்டினால் போதும். மத்தியான வெயிலிலும் இந்தக் கணக்கு ஏமாற்றாது.

எந்த நிலையிலும் சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். தொடக்கத்தில் சொன்ன வெள்ளிக்கிழமை இரவுக் கதை அதுதான்.

குறைந்தால் என்ன ஆகும்?

காற்று கூடினால் டயர் வெடிக்கும், குறைந்தால் பரவாயில்லை என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. நம்ம வெயிலுக்குக் கொஞ்சம் குறைச்சலாகவே அடிங்க என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. உண்மை தலைகீழ். காற்று குறைந்த டயர் தரையில் அதிகமாக நசுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு கூடுதலாக மடங்கி விரியும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் கை சுடும் அல்லவா, அதே மாதிரி ரப்பர் உள்ளுக்குள் சூடாகும். வேகமும் எடையும் கூடக் கூட வெப்பம் ஏறும். ஒரு கட்டத்தில் ரப்பர் அடுக்குகளும் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய ஆரம்பிக்கும். வெளியில் எதுவும் தெரியாது. பிறகு ஒரு நாள், நேரான சாலையில், மேல் ரப்பர் முழுசாகக் கழன்று வரும்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது இதுதான். ஃபோர்டு எக்ஸ்புளோரர் கார்களில் பொருத்தியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பகுதி ஓட்டத்திலேயே பிரிந்து, கார்கள் உருண்டன. அந்த ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு இந்த விபத்துகளோடு தொடர்புபடுத்திய மரணங்கள் 270-க்கும் மேல். அந்தக் காருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ.; அது போதாது, 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். டயரில் குறை, காரில் குறை என்று இரு நிறுவனங்களும் ஒன்றை ஒன்று குற்றம் சாட்டின. டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறைகள் இருந்ததை விசாரணை காட்டியது. குறைந்த காற்று, அதிக வெப்பம், அதிக வேகம், அதிக எடை ஆகியவை சேரும் இடத்தில்தான் அந்தக் குறைகள் ஆளைக் கொன்றன. சூடு மிகுந்த தென் மாநிலங்களில் சம்பவங்கள் அதிகம்.

எடை, வேகம், வெப்பம்: பண்டிகை முடிந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் திரும்பும் ஒரு குடும்பக் காரில் இந்த மூன்றும் இருக்கின்றன. நான்காவதான குறைந்த காற்று மட்டும் நம் கையில்.

மழையும் இருக்கிறது. பேராக்கில் மழைக்குக் குறைவில்லை. தைப்பிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாலையில் தண்ணீர் தேங்கினால், ஒரு வேகத்துக்கு மேல் டயர் தரையைத் தொடாமல் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும். அப்போது ஸ்டீரிங்கும் பிரேக்கும் வேலை செய்யாது. விமானச் சக்கரங்களை வைத்து நாசா 1960-களில் செய்த ஆய்வு, இந்த வேகம் டயர் அழுத்தத்தைப் பொறுத்தது என்று கண்டது: அழுத்தம் குறையக் குறைய, மிதக்கும் வேகமும் குறையும். அந்தச் சூத்திரத்தைத் தேய்ந்து வழவழப்பான ஒரு டயருக்குப் போட்டுப் பார்த்தால், 220 கிலோபாஸ்கலில் மணிக்கு சுமார் 94 கிலோமீட்டர். 160-இல் சுமார் 80. கார் டயரில் வரிப்பள்ளம், அகலம் எல்லாம் சேர்ந்து இந்த எண்களை மாற்றும் என்பதால் இதை உங்கள் காருக்கான வேக வரம்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பது தெளிவு. வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன மேடு, மேற்பரப்போடு சமமாகிவிட்டதா என்று பார்த்தால் தெரியும்.

அதிகமாக அடிப்பதும் நல்லதல்ல. டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிப்பு குறையும், பள்ளத்தில் இறங்கினால் அடி பலமாக விழும். உங்கள் டயர் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதல், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. பல மாதம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை டயரே எழுதி வைத்திருக்கும்.

பெட்ரோல் மிச்சமாகுமா என்றும் கேட்பார்கள். மிச்சமாகும், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நான்கு டயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 0.2 விழுக்காடு குறையும். 30 கிலோபாஸ்கல் குறைவு என்றால் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. மாதம் 200 வெள்ளிக்கு எண்ணெய் போட்டால் 2 வெள்ளிகூட மிச்சமில்லை. சமூக ஊடகத்தில் வரும் பெரிய பெரிய எண்களை நம்ப வேண்டாம். உண்மையான பண இழப்பு, சீக்கிரம் தேயும் டயரில்தான்.

காற்று எங்கே போகிறது? அங்கே நம்ம கதையும் இருக்கிறது

ஆணி எதுவும் குத்தாத நல்ல டயரிலும் மாதம் 7 முதல் 14 கிலோபாஸ்கல் வரை குறையும். காற்று ரப்பரின் ஊடாகவே மெல்ல மெல்லக் கசியும். மூன்று மாதம் பார்க்காமல் விட்டால் 30, 40 போய்விடும். அதனால்தான் மாதம் ஒரு முறை.

பேராக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரப்பர் வெறும் பொருள் அல்ல. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர் நாற்றுகளில் ஒன்பதை, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. நட்டபோது அதற்குப் பெரிய சந்தை கிடையாது. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் செய்தார். முதலில் சைக்கிள், அப்புறம் கார். 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றினார்கள். இன்றும் உலகின் இயற்கை ரப்பரில் சுமார் 70 விழுக்காடு டயருக்கே போகிறது. சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் பக்கத்து லயங்களில் நம் குடும்பங்கள் வந்து சேர்ந்ததற்குப் பின்னால், எங்கோ ஓடிய ஒரு டயர் இருக்கிறது.

என் பாட்டி பால் வெட்டியவர். இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போவதைப் பற்றி நிறையச் சொல்லுவார். துரைமார் கெடுபிடி ஒரு பக்கம் இருந்தாலும், அந்த நேரத்துக்கு ஒரு காரணம் மரத்திலும் இருந்தது. பட்டைக்குள் பால் ஓடும் நாளங்களில் விடியலுக்கு முன்புதான் அழுத்தம் அதிகம். ஒரு கார் டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு. வெயில் ஏறி இலைகள் நீரை வெளியேற்றத் தொடங்கினால் அந்த அழுத்தம் இறங்கிவிடும், மங்கில் பால் குறையும். டயரில் வெயில் ஏறினால் அழுத்தம் கூடும், மரத்தில் குறையும். ஆனாலும் இரண்டுக்கும் நேரம் விடியற்காலைதான்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், டயருக்குள் காற்றைப் பிடித்து வைத்திருப்பது அந்த இயற்கை ரப்பர் அல்ல. இயற்கை ரப்பர் கிழியாது, ஓடும்போது அதிகம் சூடேறாது. அதனால் விமானச் சக்கரம், லாரிச் சக்கரம் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. கார் டயரிலும் பக்கவாட்டில் அது உண்டு. ஆனால் காற்றைக் கசியவிடும். பழைய காலத்து டியூபுக்கு அடிக்கடி காற்று அடிக்க வேண்டியிருந்தது அதனால்தான். 1937-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரை உருவாக்கினார்கள். ஜப்பான் மலாயாவைப் பிடித்து இயற்கை ரப்பர் வரத்து நின்றபோது, செயற்கை ரப்பர் தயாரிப்பு அங்கே பெரிதாக வளர்ந்தது. பியூட்டைல் வழியாகக் காற்று கசிவது மிகக் குறைவு. இப்போது உங்கள் டியூப் இல்லாத டயரின் உள்சுவரில் மெல்லிய பூச்சாக இருப்பது அந்தக் குடும்பத்து ரப்பர்தான். அது இருப்பதால்தான் வாரம் ஒரு முறை பார்க்க வேண்டியது மாதம் ஒரு முறை ஆனது. ஒரேயடியாக மறந்துவிடலாம் என்று ஆகவில்லை.

ஒரு டயர் மட்டும் குறைந்துகொண்டே போனால்

நான்கும் ஒரே மாதிரி குறைந்தால் அது இயல்பான கசிவு. மூன்று 212, ஒன்று மட்டும் 185 என்றால் ஏதோ குத்தியிருக்கிறது. கைப்பேசியில் குறித்து வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

தோட்டத்துப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள் டயரில் ஏறினால், ஆணி மாதிரி பளிச்சென்று தெரியாது. கறுப்பு ரப்பரில் கறுத்த முள். நாள் கணக்கில் மெல்லக் கசியும். செம்மண் பாதையில் கூர்மையான கல் வேறு. கோயில் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக்குள் போய்வந்தால், இரண்டு நாள் கழித்து ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, வால்வின் வாயிலும் டயர் முகத்திலும் விளிம்பிலும் ஊற்றுங்கள். நுரை குமிழியிடும் இடத்தில் ஓட்டை. வால்வில் குமிழி வந்தால் மாற்றுவதற்குச் செலவு மிகக் குறைவு. ஆணி தெரிந்தால் வீட்டில் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் இருக்கிற காற்றும் போய்விடும். காற்றைச் சரியான அளவுக்கு அடித்து, மெதுவாகப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். பக்கவாட்டில் குத்தியிருந்தால் ஒட்டுப் போட முடியாது, டயரை மாற்றத்தான் வேண்டும்.

விளக்கு எரியவில்லையே?

புதிய கார்கள் பலவற்றில், காற்று குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். ஃபயர்ஸ்டோன் விவகாரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால் அமெரிக்காவில் கட்டாயமான வசதி இது. அந்த அமெரிக்க விதிப்படி, அழுத்தம் 25 விழுக்காடு குறைந்தால்தான் விளக்கு எரிந்தாக வேண்டும். 220-இல் 25 விழுக்காடு என்றால் 165. அதாவது 175-இல் நீங்கள் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தாலும் விளக்கு எரியாமல் இருக்கலாம். எரிந்துவிட்டால் அது அவசரம். எரியாவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. சில கார்களில் அது நேரடியாகக் காற்றை அளப்பதில்லை. சக்கரங்கள் சுழலும் வேகத்தை ஒப்பிட்டு ஊகிக்கிறது. அப்படிப்பட்ட காரில் காற்று அடித்த பிறகு மறக்காமல் ரீசெட் செய்ய வேண்டும். குறைந்த காற்றோடு ரீசெட் செய்தால், அதையே சரியான அளவு என்று கார் நினைத்துக்கொள்ளும்.

நைட்ரஜன் போடட்டுமா என்று கேட்டால்? சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் ஓர் ஆண்டு வைத்துப் பார்த்ததில், காற்று அடித்த டயர்கள் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இழந்தன, நைட்ரஜன் அடித்தவை 2.2. வித்தியாசம் உண்டு, ஆனால் அளந்து பார்க்கும் வேலை மிச்சமாகவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு ஒரு நல்ல அளவுகோல் வாங்கிவிடலாம்.

சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போகிறவர்கள், அங்கே தங்கிவிட்டுக் காலையில் அளந்து பார்த்து எதையும் மாற்றாதீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக் காற்றழுத்தம் குறைவதால் அளவுகோல் கூடுதலாகக் காட்டும். குளிரால் குறைவாகக் காட்டும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். ஈப்போவில் பார்த்து ஏறியிருந்தால் போதும்.

ஊரில் நிற்கும் காடி

வெளியூரில் வேலை செய்யும் பலருக்கும் இரண்டு கார்கள் உண்டு: தாங்கள் ஓட்டுவது ஒன்று, ஊரில் அப்பா அம்மா வைத்திருப்பது ஒன்று. இரண்டாவது சந்தைக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் போய்வரும். வாரக்கணக்கில் நின்றபடியே காற்று இறங்கியிருக்கும். ஓட்டம் குறைவு என்பதால் வரிப்பள்ளம் புதிதாகவே தெரியும். ஆனால் டயருக்கும் வயதாகும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 3517 என்றால் 2017-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் பட்டறையில் காட்டச் சொல்கின்றன பல டயர் நிறுவனங்கள். பத்து ஆண்டுக்கு மேல் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம் என்கின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சனிக்கிழமை காலை உங்கள் காரைப் பார்க்கும் கையோடு அந்தக் காரையும் பார்த்துவிடுங்கள்.

பின்பெட்டியைத் திறந்து உபரி டயரையும் அளக்க வேண்டும். நாலு பேரில் மூன்று பேர் இதைச் செய்வதில்லை என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். சிறியதாக, ஒல்லியாக இருக்கும் தற்காலிக டயர் என்றால் அதற்கு வேண்டியது 220 அல்ல. பெரும்பாலும் 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. எண் அதன் மேலேயே எழுதியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. கோலகங்சார் போகும் வழியில், மெனோரா சுரங்கத்துக்கு அருகே, மழையில், இரவில் டயரை மாற்றும்போது அந்த உபரியிலும் காற்று இல்லை என்பது தெரியவருவதைவிட, வீட்டு வாசலில் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். எங்கள் வீட்டுக் காரில் போன மாதம் பார்த்தபோது அதில் 150 தான் இருந்தது.